கொழும்பில் கார்! நுரைச்சோலையில் புகை!

புகையில்லாத கார் வந்துவிட்டதாம்! குழாய் இல்லை, இரைச்சல் இல்லை, எண்ணெய் நாற்றம் இல்லை. ஆகவே மின்சாரக் கார் வாங்குவோருக்கு வரியைக் குறையுங்கள், தீர்வையைத் தள்ளுங்கள்; நாட்டின் காற்று தூய்மையாகும், உலகின் வெப்பம் தணியும் என்று கொழும்பின் குளிரூட்டிய மண்டபங்களில் முழங்குகிறார்கள். கேட்போர் கைதட்டுகிறார்கள். கைதட்டுவோரில் படித்தவர்களும் இருக்கிறார்கள். பட்டம் பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

அவர்களை நாம் கனமூலைக்கு அழைக்கிறோம்.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில், மதுரங்குளிக்கு அருகே கிடக்கும் சிற்றூர் அது. தென்னையும், வள்ளமும், களப்பும், உப்புக்காற்றும் அறிந்த மக்கள் வாழும் ஊர். தமிழ் பேசும் ஊர். அங்கிருந்து வடமேற்கே சில மைல் சென்றால் கற்பிட்டிக் குடாநாட்டில் நுரைச்சோலை என்னும் இடம் வரும். அங்கே வானளாவ நிமிர்ந்து நிற்கிறது ஒரு புகைபோக்கி. கொழும்பில் ஓடும் காருக்குப் புகைக்குழாய் இல்லை என்றவர்கள் அந்தப் புகைபோக்கியை அண்ணாந்து பார்க்கட்டும். காருக்குக் குழாய் இல்லாமற் போகவில்லை. அது கழற்றப்பட்டு எங்கள் கரையில் நாட்டப்பட்டிருக்கிறது! அவ்வளவுதான் வேறுபாடு.

எங்கே பிறக்கிறது மின்சாரம்?

நுரைச்சோலை அனல் மின் நிலையத்துக்கு லக்விஜய என்று பெயர். சீனத்து எக்ஸிம் வங்கியின் கடனில், சீனக் கம்பனி கட்டிக் கொடுத்தது. முதற் பிரிவு 2011 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. மற்றை இரு பிரிவுகளும் 2014 இல் நிறைவெய்தின. பிரிவொன்றுக்கு 300 மெகாவாற். மொத்தம் 900 மெகாவாற். நாடு நுகரும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே இடத்தில் பிறக்கிறது. அதற்கு இரை, ஆண்டொன்றுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரி. இந்த மண்ணில் ஒரு பிடி நிலக்கரியும் விளைவதில்லை. அத்தனையும் கப்பலேறி வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கரி இறக்க முடியாது என்பதால், கடல் அமைதியாயிருக்கும் காலத்திலேயே ஆண்டு முழுவதற்கும் வேண்டியதை இறக்கி மலைபோற் குவிக்கிறார்கள். காற்று எழும்போது அந்த மலையின் தூசு எந்தத் திசைக்குப் போகிறது என்று சுற்றியுள்ள தோட்டக்காரரைக் கேளுங்கள். வீட்டு முற்றத்தில் துணி உலர்த்தும் தாய்மாரைக் கேளுங்கள்.

இந்த நிலையம் எதிர்ப்பின்றி வந்ததுமன்று. தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் அருகே இருக்கிறது என்று கத்தோலிக்க மக்கள் எதிர்த்தார்கள். மீன் போய்விடும் என்று மீனவர் எதிர்த்தார்கள். நிலம் போய்விடும் என்று உழவர் எதிர்த்தார்கள். "நாட்டுக்கு வெளிச்சம் வேண்டாமா?" என்று கேட்டு அவர்களின் வாயை அடைத்தார்கள். நாட்டுக்கு வெளிச்சம் வேண்டும்தான். அதை நாம் மறுத்ததில்லை. ஆனால் அந்த வெளிச்சத்துக்கு விலை கொடுத்த கரையோரத்து மக்களிடம், இன்று செல்வரின் காருக்கும் நீங்களே சேர்த்து விலை கொடுங்கள் என்றால், இது எந்த ஊர் நியாயம்?

கணக்குப் பார்ப்போம்

ஆத்திரத்தில் பேசுகிறோம் என்று எவரும் சொல்ல வேண்டாம். கணக்கோடு பேசுவோம்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமிலவாயு வெளிப்படும். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் கார் 100 கிலோமீற்றர் ஓடினால் 15 கிலோவை உமிழும். பெற்றோலும் மின்கலமும் கலந்த ஹைபிரிட் கார் லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடுமானால், 100 கிலோமீற்றருக்கு 11 அல்லது 12 கிலோ.

மின்சாரக் காருக்கு 100 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 16 அலகு மின்சாரம் வேண்டும். கம்பியிலும் மின்னேற்றுவதிலும் இழப்பதைச் சேர்த்தால் நிலையத்தில் 20 அலகு உற்பத்தியாக வேண்டும். நிலக்கரியில் பிறக்கும் ஓர் அலகுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமிலவாயு. ஆக, நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் மின்சாரக் கார் 100 கிலோமீற்றருக்கு 20 கிலோ உமிழ்கிறது. பெற்றோல் காரிலும் அதிகம்! ஹைபிரிட் காரிலும் மிக அதிகம்! எண்ணெயைத் தோண்டிச் சுத்திகரிக்கும் புகையையும், மின்கலம் செய்யும் புகையையும் இரு பக்கத்திலும் நாம் சேர்க்கவில்லை.

"நாட்டின் மின்சாரம் முழுவதும் நிலக்கரியா? பாதிக்குப் பாதி நீரும் காற்றும் வெயிலும் அல்லவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆண்டுச் சராசரியை எடுத்தால் அலகொன்றுக்கு அரைக் கிலோ என்று கொள்ளலாம். அப்போது 20 கிலோ 10 கிலோவாகும்; பெற்றோல் காரைவிடக் குறைவுதான். இதை நாம் மறைக்கவில்லை.

ஆனால் கார்க்காரர் எப்போது மின்னேற்றுகிறார்? பகலெல்லாம் அலுவலகத்தில் நின்ற கார் இரவில் வீடு வந்ததும் கம்பியில் மாட்டப்படுகிறது. 2015 ஆம் ஆண்டில் வீடுகளுக்கு நேரவாரிக் கட்டணத்தைக் கொண்டுவந்தபோது, இரவு 10.30 முதல் காலை 5.30 வரையே மிக மலிவு என்று விலை குறித்து, அவ்வழியைக் காட்டிக் கொடுத்ததும் இந்த நாட்டு மின்சார நிருவாகமே. அந்த வேளையில் சூரியன் இல்லை. மகாவலியின் நீர் வயலுக்கும் பங்கிடப்பட வேண்டிய நீர்; கார் கூடிவிட்டது என்பதற்காக மலைநாட்டில் மழை கூடிப் பெய்யாது. காற்றாலைகளும் காருக்காக வேகமாகச் சுழலமாட்டா. எனவே புதிதாக வந்து சேரும் ஒவ்வொரு காரும் இரவிலே கேட்கும் ஒவ்வோர் அலகும் பெரும்பாலும் கரியிலிருந்தோ எண்ணெயிலிருந்தோதான் வரவேண்டும். சராசரிக் கணக்கைக் காட்டிச் சலுகை கேட்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகும்!

இனிப் பஸ்ஸைப் பாருங்கள். லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடும் பழைய டீசல் பஸ் 100 கிலோமீற்றருக்கு 25 லீற்றர் குடிக்கும், லீற்றருக்கு 2.7 கிலோ வீதம் 67 கிலோ உமிழும். அதில் 40 பேர் பயணம் செய்தால் ஆளுக்கு 1.7 கிலோ. சலுகை விலையில் வாங்கிய மின்சாரக் காரில் தனியே செல்லும் கனவானின் பங்கு, சராசரிக் கணக்கிலேயே 10 கிலோ. புகை கக்குகிறது என்று பழிக்கப்படும் நம் ஊர்ப் பஸ், தலைக்கு ஆறில் ஒரு பங்குப் புகையே விடுகிறது. ஆனால் சலுகை யாருக்கு? பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் நாற்பது பேருக்கா? காரில் சாய்ந்துகொண்டு போகும் ஒருவருக்கா?

யார் பணம்? யாருக்குச் சலுகை?

சலுகை என்றால் என்ன? கருவூலத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதும், கருவூலத்துக்கு வரவேண்டியதை வராமல் விடுவதும் ஒன்றே. 2015 ஆம் ஆண்டளவில் மின்சாரக் கார்களுக்கான தீர்வை மிகக் குறைந்திருந்தது. ஆயிரக்கணக்கில் கார்கள் வந்திறங்கின. பிற நாட்டில் ஓடித் தேய்ந்தவையும் அவற்றுள் இருந்தன. தீர்வை உயர்ந்தது, வரவு வற்றியது. அந்தச் சலுகையால் இந்நாட்டில் எழுந்த தொழிற்சாலை எது? சூரிய ஒளியில் மின்னேற்றும் நிலையங்கள் ஊருக்கு ஊர் முளைத்தனவா? கார் வந்தது, கார் ஓடியது, வரி போயிற்று. கதை முடிந்தது.

பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதிக்குத் தடை வந்தது. நாடு வங்குரோத்தாகி நின்ற 2022 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் நினைவிருக்கின்றனவா? அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. ஒரே நாளில் நாலு மடங்கு! புத்தளத்து மீனவரின் வள்ளம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. வள்ளங்கள் கரையேறின, அடுப்புகள் அணைந்தன. அதே ஆகஸ்டில் மின்கட்டணம் 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் ஏறியது. ஏழைக்கு மானியம் கொடுப்பது பொருளாதாரக் குற்றம் என்று அறிஞர்கள் அப்போது விளக்கினார்கள்.

அந்தக் காலத்தில் நடந்ததென்ன? வெளிநாட்டில் உழைப்போர் வங்கி வழியாக அனுப்பும் டொலரின் பாதிப் பெறுமதிக்கு மின்சார வாகனம் இறக்கலாம் என்று தனி அனுமதி பிறந்தது. ஊரெல்லாம் இறக்குமதித் தடை. மின்சாரக் காருக்கு மட்டும் வாசல் திறந்தது. நோக்கம் அந்நியச் செலாவணி என்றார்கள். போர்த்திய போர்வை பசுமை! கரையோரத்துக் குடும்பங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போன சகோதரிகள் எத்தனை பேர்! அவர்கள் வியர்வை சிந்தி அனுப்பும் பணத்தின் பாதிக்கு எந்தக் கார் வரும்? காரின் ஒரு கதவாவது வருமா? பணிப்பெண்ணின் பெயரால் வாசலைத் திறந்துவிட்டு, பணக்காரனின் காரை உள்ளே விட்ட கதை அல்லவா இது?

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. அப்போது வந்த வரி அட்டவணையிலும் பொதுவில் மின்சாரக் காருக்குச் சுமை குறைவு. சொகுசு வரி பெற்றோல் காருக்கு 50 இலட்சம் ரூபாப் பெறுமதிக்கு மேல் தொடங்க, மின்சாரக் காருக்கு 60 இலட்சத்துக்கு மேல் தொடங்கியது. அறுபது இலட்ச ரூபாக் காரில் ஏறுகிறவருக்கு ஆதரவுக் கை வேண்டுமாம்!

எடுத்துக்காட்டாக ஒரு காருக்கு அரசு 20 இலட்ச ரூபாவை விட்டுக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடட்டும். சராசரிக் கணக்கிலே பார்த்தாலும் பெற்றோல் காரைவிட ஆண்டுக்கு 600 கிலோ கரியமிலவாயு மிச்சம். பத்தாண்டுக்கு 6 தொன். தொன் ஒன்றுக்கு மூன்று இலட்சத்து முப்பதினாயிரம் ரூபாவுக்கு மேல்! அதே 20 இலட்சத்தை 5 கிலோவாற் சூரியத் தகட்டுக்கும் அதன் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் மின்கலத்துக்கும் செலவிட்டால், நம் வெயிலில் ஆண்டுக்கு 6,000 அலகுக்கு மேற் கிடைக்கும். அது இரவிலே நிலக்கரிக்குப் பதிலாக நின்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 தொன் மிச்சம். கார் பத்தாண்டில் செய்வதைத் தகடு ஓராண்டில் செய்கிறது! தென்னைக்கு எரு இடுகிற உழவனுக்கும் தெரியும், எந்த வேரில் ஊற்றினால் காய் வரும் என்று. அரசுக்குத் தெரியாதா?

நோர்வேயைப் பாருங்கள் என்கிறார்களே!

பார்ப்போம். நோர்வே 1990 ஆம் ஆண்டிலேயே மின்சாரக் கார்களின் இறக்குமதி வரியை நீக்கத் தொடங்கிய நாடு. 2024 இல் அங்கே விற்ற புதிய கார்கள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மின்சாரக் கார்கள். உண்மை. ஆனால் அந்நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரையில் நீரிலிருந்து பிறக்கிறது. முதலில் தூய மின்சாரம் இருந்தது; பிறகு கார் வந்தது. எண்ணெயும் எரிவாயுவும் விற்றுச் செல்வம் குவித்த அந்த நாடும், வரி இழப்பைத் தாங்க மாட்டாமல் 2023 முதல் விலையுயர்ந்த மின்சாரக் கார்களுக்குப் பெறுமதி சேர் வரியை மீண்டும் விதித்தது. கடனிலே மூழ்கி எழுந்த இலங்கை அந்த வேடத்தைப் புனையலாமா? புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாகாதா?

தொலைவில் ஏன் பார்க்க வேண்டும்? பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியாவைப் பாருங்கள். 2019 இல் 10,000 கோடி ரூபா ஒதுக்கித் தொடங்கிய திட்டத்தில், சொந்தப் பாவனைக்குக் கார் வாங்குவோருக்கு மத்திய அரசு உதவித்தொகை கொடுக்கவில்லை. பஸ், முச்சக்கர வண்டி, இருசக்கர வண்டி, வாடகைக் கார் ஆகியவற்றுக்கே கொடுத்தது. 2024 இல் அதன் பின் வந்த 10,900 கோடி ரூபாத் திட்டத்திலும் சொந்தக் காருக்கு இடமில்லை. கார்களுக்கு அங்கே வேறு வரிச் சலுகைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் கருவூலத்திலிருந்து கொடுக்கும் பணம் பொதுமக்கள் ஏறும் வண்டிக்கே முதலிற் போக வேண்டும் என்ற அறிவு அங்கே இருந்தது.

பகலில் வீணாகும் வெயில்

2025 பெப்ரவரி 9 ஆம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏற, நாடு முழுவதும் இருண்டது. நுரைச்சோலையின் மூன்று பிரிவுகளும் நின்றன. அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் தேவை குறைந்து, சூரிய மின்சாரம் மிகுந்து, அமைப்பு நிலை தளர்ந்திருந்தது என்றார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, கூரைகளில் சூரியத் தகடு வைத்திருந்தோரைப் பகல் வேளையில் அவற்றை அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது.

அந்தோ! பகலில் இலவசமாய்க் கொட்டும் வெயிலை வேண்டாம் என்று அணைக்கிறோம். இரவில் கப்பலில் வந்த கரியை எரித்துக் காருக்கு ஊட்டுகிறோம். காருக்குச் சலுகையும் கொடுக்கிறோம். இதற்குப் பெயர் பசுமைத் திட்டமாம்!

புத்தளத்துக் கரைக்கு இயற்கை கொடுத்தது வெயிலும் காற்றும். முகத்துவாரத்துக் காற்றை நம்பிப் பாயெடுத்த மக்கள் நாம். மாம்புரியிலும் சேகுவந்தீவிலும் விடத்தமுனையிலும் 2010 ஆம் ஆண்டளவிலேயே காற்றாலைகள் சுழலத் தொடங்கின. 2021 இல் புதிய நிலக்கரி நிலையம் கட்டோம் என்று இலங்கை உலக அரங்கில் கைச்சாத்திட்டது. 2030 இல் நூற்றுக்கு எழுபது பங்கு மின்சாரம் புதுப்பிக்கத்தக்கதாகும் என்று வாக்குக் கொடுத்தது. நல்ல வாக்கு. வாக்குக்கு வேண்டுவது காரல்ல, மின்கம்பி. மின்கலச் சேமிப்பு. காற்றாலை. அவற்றுக்குப் பணமில்லை என்று கைவிரித்து, காருக்கு மட்டும் பணம் காண்பது எப்படி?

"இன்று கரி, நாளை மின்சாரம் தூய்மையாகும், அப்போது இந்தக் கார்களும் தூய்மையாகும் அல்லவா? பெற்றோல் கார் என்றும் பெற்றோல் கார்தானே?" என்பது அவர்களின் வலுவான வாதம். அதை நாம் மதிக்கிறோம். நகரத் தெருவில் நடக்கும் குழந்தையின் நுரையீரலுக்கு மின்சாரக் கார் நன்மை என்பதையும் ஒப்புகிறோம். மின்சாரக் காருக்கு நாம் பகைவரல்லோம். விரும்புவோர் வாங்கட்டும், உரிய வரியைச் செலுத்தி வாங்கட்டும். ஓடும் செலவு பெற்றோலிலும் மிகக் குறைவு என்று அவர்களே சொல்கிறார்களே, அந்த இலாபமே போதாதா? ஏழையின் வரிப்பணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா? நாளை மின்சாரம் தூய்மையாகும் என்றால், அந்த நாளையை விரைவில் கொண்டுவரும் பணிக்கே இன்றைய காசு போக வேண்டும். கிணறு வெட்டாமல் வாளிக்குப் பரிசு கொடுப்பவனை உலகம் என்னவென்று சொல்லும்?

நாம் கேட்பது

குறை சொல்வதோடு நாம் நிற்கவில்லை. வழியும் சொல்கிறோம்.

சொந்தப் பாவனைக் காருக்கான தீர்வைச் சலுகை நிற்க வேண்டும். அப்படி மிஞ்சும் பணம் முதலில் பஸ்ஸுக்கும், பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட முச்சக்கர வண்டிகளுக்கும், மோட்டார்ச் சைக்கிளுக்கும் போகட்டும். நாள் முழுவதும் ஓடும் வண்டியை மாற்றினாற்றான் எண்ணெய் மிச்சமாகும். நாள் முழுவதும் நிழலில் நிற்கும் காரை மாற்றியென்ன பயன்?

மின்னேற்றம் பகலுக்கு மாற வேண்டும். அலுவலகத்திலும், ஆஸ்பத்திரியிலும், பஸ் நிலையத்திலும் நண்பகலிலே மின்னேற்ற வசதி செய்து, வெயில் மிகுந்த வேளைக்கே விலையைக் குறைக்கட்டும். டாக்டர்களும் எஞ்சினியர்களும் ஆசிரியர்களும் இதைத் தத்தம் நிலையத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

கற்பிட்டி மணற்காணியில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீரிறைக்கும் உழவனுக்குச் சூரியப் பம்பி கொடுக்கட்டும். வெயில் ஏறும்போது பயிருக்குத் தண்ணீர் வேண்டும். வெயில் ஏறும்போதே பம்பியும் ஓடும். இதைவிடப் பொருத்தமான இணை வேறெது?

நுரைச்சோலையைச் சுற்றியுள்ள ஊர்களின் காற்றும் நீரும் ஒழுங்காக அளக்கப்பட வேண்டும். அளவுகள் தமிழிலும் சிங்களத்திலும் ஊர் மக்கள் கண்ணிற் படும்படி எழுதி வைக்கப்பட வேண்டும். நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்தவனுக்குத் தன் மூச்சில் என்ன கலந்திருக்கிறது என்று அறியும் உரிமைகூட இல்லையா?

படித்தவர்களே! புதிய பொருள் எதுவாயினும் முன்னேற்றம் என்று மயங்காதீர்கள். சுவிட்சைப் போடுமுன் கம்பியின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். உழவர் பெருமக்களே! மீனவத் தோழர்களே! உலகைக் காக்கும் பணிக்கு நாங்கள் எதிரிகள் என்று எவராவது சொன்னால் கூசாமல் நிமிர்ந்து நில்லுங்கள். கடல் பெருகினால் முதலில் மூழ்குவது நம் களப்பு. மழை தவறினால் முதலில் வாடுவது நம் தென்னை. புகை குறைய வேண்டும் என்பதில் நமக்குள்ள அக்கறை கொழும்புக் கனவான்களுக்கு இராது.

ஆகையினாற்றான் சொல்கிறோம்: காரின் பின்புறத்தைப் பார்த்துப் புகை இல்லை என்று மகிழாதீர்கள். நுரைச்சோலையின் வானைப் பாருங்கள். அங்கே புகை குறையும் நாளில், கனமூலைக் கரையில் நின்று நாமே முதலிற் கைதட்டுவோம்!